சிமிழுக்குள் மல்லிகை

பொழுது விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் மொட்டுப் பறிப்பவர்களைப் பற்றிச் சத்தியமங்கலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தாயாரும் அவர்களுள் ஒருவர். வரத்து மிகுந்து விலை சரிந்தால் பூ வாசனைத் திரவிய ஆலைக்குப் போய்விடும். "இந்த வாசத்தை டப்பாவுல அடைச்சு வெச்சு, வேணுங்கறப்பத் தொறந்துக்க முடியாதா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். வேதியியல் படிக்கும் நான் அன்று விழித்தேன்.

மல்லிகை மணத்தில் பென்சைல் அசிடேட், லினலூல் முதலிய சேர்மங்கள் உள்ளன. அவை ஆவியானால்தான் மூக்கை எட்டும். ஆவியாவதாலேயே தீர்ந்தும் போகும். ஆலையில் பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, கரைப்பானை நீக்கினால் மெழுகு போன்ற 'கான்கிரீட்' கிடைக்கும். (வீடு கட்டுவது அன்று!) எத்தனாலைக் கொண்டு மெழுகைப் பிரித்தால் 'அப்சல்யூட்'. அதையும் துணியில் தடவினால் மணம் நிலைக்காது.

இங்கேதான் நுண்சிமிழ் உதவுகிறது. 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் பாரட் கிரீன் என்பார், கார்பன் தாளின்றி நகலெடுக்கும் தாளுக்காக இதை உருவாக்கினார். ஜெலட்டினையும், நம் கருவேலுக்கு உறவான ஒரு மரத்தின் பிசினையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெய் விட்டுக் கலக்கினால் அது நுண்துளிகளாகும். அமிலம் சேர்த்து பி.எச். மதிப்பை 4 அளவுக்குக் கொணர்ந்தால் ஜெலட்டின் நேர்மின்னூட்டம் பெறும், பிசினிலோ எதிர்மின்னூட்டம். இரண்டும் ஈர்க்கப்பட்டுத் துளியைச் சுற்றித் தோலாகப் படியும். குளிரவைத்துக் கெட்டிப்படுத்தினால் சிமிழ் தயார்! நகல் தாளில் எழுதுகோல் அழுத்த, சிமிழ் உடைந்து சாயப்பொருள் வெளிவரும். மணத்தாளை நகத்தால் சுரண்டினால் மணம் வரும். சில சிமிழ்கள் உடையாமலே சுவர் வழியாக மணத்தைக் கசியவிடும். சுவர் தடித்தால் மெதுவாக, வெப்பம் ஏறினால் விரைவாக.

சலவைப் பொருள்களில் மெலமின்-ஃபார்மால்டிஹைடு பாலிமர்ச் சுவரே பெரிதும் பயன்பட்டு வந்தது. உறுதியானது, ஆனால் மட்காது. நுண்நெகிழிகளை 2023இல் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், மணச்சிமிழ்களுக்கு 2029 அக்டோபர் வரை அவகாசம் தந்திருக்கிறது. எனவே ஆய்வாளர்கள் மட்கும் சுவரைத் தேடுகிறார்கள். பழைய ஜெலட்டினும் பிசினும் மீண்டும் மதிப்புப் பெறுகின்றன.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். சலவைத்தூள் சிமிழில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த மணப்பொருள்தான் என்பதையும் மறைக்கவில்லை. பென்சைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் வினைபுரியச் செய்தே பென்சைல் அசிடேட்டைப் பெறலாம். "அப்ப நம்ம பூவு இல்லாமயே வாசம் வந்துருமாக்கும்" என்றார். ஒரு சேர்மம் மல்லிகையாகிவிடாது, இண்டோல் உட்படப் பலவும் கூடியதே அம்மணம் என்றேன். நம்பினாரோ என்னவோ, விடியுமுன் எழவேண்டும் என்று படுத்துவிட்டார்.