ஏழு படி ஏறினால் ஐராவதம்!

தண்ணீரில் காலை வைத்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கட்டைவிரலை யாரோ கவ்வினார்கள். நான் போட்ட 'ஐயோ'வில் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த தாய்லாந்துக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. கவ்வியது மீன். ஒன்றல்ல, ஒரு பட்டாளம்! வலிக்காது, கால் தோலைச் சுரண்டித் தின்னும், அவ்வளவுதான். ஆனால் கூச்சம் இருக்கிறதே... நெளிந்து நெளிந்து பரதநாட்டியமே ஆடிவிட்டேன். பெரிய ஊர் மால்களில் இதற்குக் காசு வாங்குகிறார்கள். இங்கே இலவசம்.

இலவசம் என்றா சொன்னேன்? வாசலிலேயே 300 பாட் கறந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரருக்கு 100, வெளிநாட்டுக்காரருக்கு 300. மீனுக்கு மட்டும்தான் இந்தப் பாகுபாடு கிடையாது.

இடம், தாய்லாந்தின் மேற்கே காஞ்சனபுரி மாவட்டத்தில் உள்ள எராவன் அருவி. முதுகில் ஒரு பை, பைக்குள் இரண்டு சட்டை என்று ஊர் சுற்றுகிறவர்கள் பாங்காக்கிலிருந்து முதலில் ஓடிவருவது இந்தப் பக்கம்தான். காஞ்சனபுரி டவுனிலிருந்து அருவிக்கு சுமார் 65 கிலோமீட்டர். ஏ.சி. இல்லாத பஸ், ஒன்றரை மணி நேரம். கண்டக்டர் அம்மா நாலு விரலைக் காட்டி ஏதோ எச்சரித்தார். கடைசி பஸ் நாலு மணிக்கு என்று அர்த்தமாம்.

ஊர்ப் பேரே நம்ம பேர் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிறீர்களா? காஞ்சனபுரி என்றால் பொன்னூர். எராவன் என்றால் சாட்சாத் நம்ம இந்திரனின் ஐராவதம். தாய்லாந்தில் அதற்கு மூன்று தலை. அருவியின் உச்சிப் பாறை அப்படித் தெரிகிறது என்று இந்தப் பெயர். மொத்தம் ஏழு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். என்னை மீன் கவ்விய இரண்டாம் அடுக்கு 'வங் மச்சா'. மச்சாவதாரத்தின் மச்சமேதான்! ஆறாவது 'டோங் புருக்சா'. விருட்சம் என்று நாக்கைக் கொஞ்சம் சுழற்றினால் வந்துவிடும்.

தண்ணீரின் நிறத்தைச் சொல்லியாக வேண்டும். பச்சையா நீலமா என்று பட்டிமன்றமே வைக்கலாம். சுண்ணாம்புக்கல் மலை இது. மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அருவியாக விழுந்து சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு மறுபடி படிந்துவிடுகிறது. வேர், இலை, குச்சி எது அகப்பட்டாலும் அதன் மேல் பூச்சு. இந்த ஏழு அடுக்கில் இருக்கும் குளங்களின் கரையெல்லாம் தண்ணீர் தானே கட்டிக்கொண்டது. கொத்தனாரும் இல்லை, கான்ட்ராக்டரும் இல்லை. (அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறதோ?)

இரண்டாம் அடுக்குக்கு மேல் சாப்பாட்டுப் பொட்டலம் போகக்கூடாது. தண்ணீர் பாட்டில் போகலாம், பாட்டிலுக்கு 20 பாட் டெபாசிட். திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் வாபஸ். பி.காம். படித்தவன் இல்லையா, ரீஃபண்ட் என்றால் எனக்குக் காது நிமிரும். பாட்டிலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறினேன். நான் மட்டுமல்ல, எல்லாருமே. வழி நெடுக ஒரு காலி பாட்டில் கண்ணில் படவில்லை.

நாலாவது அடுக்கில் வழுவழுவென்று உருண்டைப் பாறைகள். உட்கார்ந்தால் சர்ரென்று குளத்தில் போய் விழலாம். எனக்கு நீச்சல் பாதிதான் தெரியும். அதாவது, முங்கத் தெரியும். நல்லவேளை, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வாடகை 20 பாட். போட்டுக்கொண்டு மூன்று தரம் சறுக்கினேன். அதற்குள் ஒரு குரங்கு யாரோ வெள்ளைக்காரரின் பையைத் திறந்து, சன் கிரீமை நிதானமாக முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் வீசிவிட்டுப் போயிற்று.

ஐந்தாவது அடுக்கில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு ஓர் அம்மா. எழுபது வயசிருக்கும். "தமிழா தம்பி?" என்றார். மலேசியாக்காரர். பேரன் தண்ணீரில் அமர்க்களம் பண்ணிக்கொண்டிருந்தான்.

"நீங்க குளிக்கலையாம்மா?"

"இல்லப்பா. எங்க தாத்தா சயாம் ரயிலுக்குப் போனவரு. மூணு மாசத்துல திரும்பிடலாம்னு தோட்டத்துல சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். எங்கப்பாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு."

அவர் மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1942-43-ல் ஜப்பான் ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை இந்தக் காஞ்சனபுரி வழியாகத்தான் போகிறது. எராவன் தண்ணீர் போய்ச் சேருவது பெரிய குவாய் ஆற்றில். பாதை போனது சின்ன குவாய் ஓரமாக. இரண்டும் டவுனில் கலக்கின்றன. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுவந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா. போர்க் கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ டாக்டர்களே இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கூலிகளின் முகாம்களில் சொல்ல யார் இருந்தார்கள்? ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள்.

செத்த கைதிகள் 12,000-க்கும் மேல். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளிகள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். 'வரை' என்றுதான் சொல்ல முடிகிறது. கைதிக்குப் படைப் பதிவேடு இருந்தது. டவுன் நடுவில் புல்வெளி போட்ட மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். தோட்டத் தொழிலாளிக்கு யார் பேரேடு வைத்தார்கள்? 2023-ல்தான் மலேசியத் தமிழர்கள் முன்னின்று, அங்கே தவோர்ன் வராராம் புத்தர் கோயிலில் ஒரு நடுகல் எழுப்பினார்கள்.

ஏழாவது அடுக்குக்கு நான் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூன்று தலை எனக்கு இரண்டாகத்தான் தெரிந்தது. இறங்கும்போது அம்மாவும் பேரனும் கூடவே வந்தார்கள். டெபாசிட் கவுன்ட்டரில் நான் காலி பாட்டிலைக் காட்டி 20 பாட் வாங்கினேன். அம்மாவின் பாட்டில் நிறைய அருவித் தண்ணீர். கவுன்ட்டர் பெண், கொட்டிவிடட்டுமா என்று குப்பைத்தொட்டியைக் காட்டிச் சைகை செய்தாள்.

"வேணாம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போறோம். அந்தக் கல்லுக்கு ஊத்தணும்."

பேரன் 20 பாட்டை வாங்கிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் ஓடினான். பஸ் ஹாரன் அடித்தது.