தோட்பட்டை முறிந்தால் கத்தி வைக்கத்தான் வேண்டுமா?



மன்னார்த் தீவில் இரவு வேளை மோட்டார் சைக்கிளில் செல்வோர், வீதியில் நிற்கும் கழுதையில் மோதி விழுவதுண்டு. பனையிலிருந்து தவறி விழுவோரும் உளர். விழுந்தவரின் பின்தோள் வீங்கி, கையைத் தூக்க முடியாது போனால் தோட்பட்டை என்பு முறிந்திருக்கலாம். உடனே வீட்டில் இரு குரல்கள் எழும். "முறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டுவோம்" என்பார் வாப்பா. "ஒப்பரேஷன் செய்தால்தான் சரிவரும்" என்பார் மச்சான்.

இரண்டுக்கும் முன் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மொத்த என்பு முறிவுகளில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தடித்த தசைகள் போர்த்திய அந்த என்பை முறிக்கப் பலத்த அடி வேண்டும். அதே அடி விலா என்பையும் நுரையீரலையும் தாக்கியிருக்கக்கூடும். மூச்சுத் திணறினால் சிறிதும் தாமதிக்காதீர்கள். அந்நேரம் உருவித் தேய்ப்பது ஆபத்து.

ஆயினும் அஞ்ச வேண்டாம். அல்லாஹ் அமைத்த அதே தசைகள்தாம் முறிந்த துண்டுகளைப் பிடித்து வைத்து இரத்தமும் ஊட்டுகின்றன. ஆகவே பெரும்பாலான முறிவுகள் கத்தியின்றியே சுமார் 6 வாரங்களில் பொருந்திவிடும். கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் கையை 2, 3 வாரங்கள் தாங்கி, டாக்டர் சொன்ன நாளிலிருந்து மெல்ல அசைக்க வேண்டும். வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் என்பு பொருந்தும். ஆனால் தோள் இறுகிவிடும். வலை இழுத்துப் பிழைக்கும் கைக்கு அது பேரிழப்பல்லவா?

கத்தி தேவைப்படும் இடங்களும் உண்டு. தோள்மூட்டுக் குழி உடைந்து விலகினாலோ, துண்டுகள் வெகுவாக இடம்பெயர்ந்தாலோ, தோல் கிழிந்து என்பு வெளிப்பட்டாலோ டாக்டர்கள் சத்திர சிகிச்சையை நாடுவர். ஸ்கேன் பார்த்துத் தகடும் திருகாணியும் பொருத்துவர். அங்கே மறுப்பது தவக்குல் ஆகாது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த குர்துபா மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் 30ஆம் பாகத்தைச் சத்திர சிகிச்சைக்கும் முறிவுகளுக்குமே ஒதுக்கினார்.

"கை கட்டியிருக்கிறதே, தொழுகை எப்படி மௌலவி?" என்று கேட்போர் உண்டு. தக்பீருக்கு இயன்ற கையை மட்டும் உயர்த்துங்கள். ஸுஜூது இயலாவிடில் முடிந்தளவு குனியுங்கள். மார்க்கம் சக்திக்கு மீறிச் சுமத்தவில்லை. தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஷிஃபாவை வைத்திருப்பவன் அல்லாஹ். அதைத் தேடிச் செல்வது நம் கடமை. அவன் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக! ஆமீன்.