வரப்பில் ஏறும் வண்டிக்கு ஆர்.சி. உண்டா?

மலைவாசஸ்தலங்களிலும் கடற்கரை ரிசார்ட்டுகளிலும் பத்து நிமிடச் சவாரிக்கு வாடகைக்குக் கிடைத்த நாலு சக்கர பைக், இப்போது மெல்லத் தோட்டங்களுக்குள்ளும் நுழைகிறது. ஏடிவி என்றும் குவாட் பைக் என்றும் சொல்லப்படும் இந்த வண்டியை வாங்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது எத்தனை சிசி, ஃபோர் வீல் டிரைவ் உண்டா, எவ்வளவு பாரம் இழுக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டியவைதான். ஆனால் உயிரையும் பணத்தையும் காப்பாற்றும் கேள்விகள் வேறு இரண்டு. சரிவில் எந்தக் கோணம் வரை கவிழாமல் நிற்கும்? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகுமா?

நாலு சக்கரம் இருக்கிறதே, எப்படிக் கவிழும் என்று தோன்றும். குவாட் பைக் அகலம் குறைந்த, உயரம் கூடிய வண்டி. ஓட்டுபவர் இருபுறமும் காலைப் போட்டு அதன் உச்சியில் உட்கார்கிறார். வளைவில் அவர் உள்பக்கம் சாய்ந்து, ஏற்றத்தில் முன்னே குனிந்து, இறக்கத்தில் பின்னே நகர்ந்து கொடுத்தால்தான் வண்டி நிலைதவறாமல் போகும். சீட் நீளமாக இருப்பதே அப்படி நகர்வதற்குத்தான். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவரைப் பின்னால் ஏற்றினால், நகர இடமும் போகிறது, பின்சக்கரங்களின் மேல் எடையும் கூடுகிறது. இரண்டு பேர் போக வேண்டுமென்றால் அதற்கென்றே தயாரித்த நீளமான மாடலை வாங்க வேண்டும்.

தோட்டத்தில் நடப்பதைச் சற்று அருகில் பார்க்கலாம். பின் கேரியரில் ஐம்பது லிட்டர் மருந்து டேங்க், பாதி தீர்ந்திருக்கிறது. சரிவில் குறுக்காக வண்டி போகிறது. டேங்கில் மிச்சமிருக்கும் தண்ணீர் முழுக்கத் தாழ்ந்த பக்கம் ஓடிச் சேர்கிறது. வண்டி ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கத்திலேயே எடையும் சேர்ந்துகொள்கிறது. மேட்டுப்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலோ, பள்ளத்துப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ முடிந்தது. டேங்கின் உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தால் தண்ணீர் இப்படி அலையாது. அதைவிட, சரிவில் குறுக்காகப் போகாமல் நேராக ஏறி நேராக இறங்குவது நல்லது. கேரியரில் எத்தனை கிலோ வைக்கலாம் என்பதை வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கில் டேங்கின் எடையும் தண்ணீரின் எடையும் சேரும்.

தார் ரோடும் இந்த வண்டிக்கு ஆகாது. காற்றழுத்தம் மிகக் குறைந்த டயர்கள் மண்ணுக்கென்றே செய்யப்பட்டவை. பல மாடல்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் மண்ணில் வழுக்கிக்கொடுக்கும் டயர், தாரில் பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும், வேகம் இருந்தால் புரளும்.

இந்த ஆபத்தை அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு ஆஸ்திரேலியா. அங்கே ஆட்டுப் பண்ணைகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் குவாட் பைக் அன்றாட வண்டி. ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் அதில் உயிரிழந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வண்டி கவிழ்ந்து நேர்ந்த மரணங்கள். எலும்பு முறியாமல், ரத்தக் காயம்கூடப் பெரிதாக இல்லாமல், சுமார் முந்நூறு கிலோ வண்டியின் அடியில் சிக்கி மூச்சுவிட முடியாமல் இறந்தவர்கள் அதில் பலர். வயலில் தனியாக இருந்தவரைத் தூக்கிவிட அருகில் ஆள் இல்லை.

கடைசியில் 2019-இல் அந்நாட்டு அரசு கட்டாயப் பாதுகாப்புத் தரத்தைக் கொண்டுவந்தது. 2020 அக்டோபர் முதல், பக்கவாட்டில் எந்தக் கோணத்தில் வண்டி கவிழத் தொடங்கும் என்பதை ஓர் அட்டையில் எழுதி, விற்பனைக்கு நிற்கும் வண்டியில் தொங்கவிட வேண்டும் என்றானது. 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான வண்டிகள் 28.81 டிகிரிக்குக் குறையாத பக்கவாட்டுச் சரிவைத் தாங்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவும் இருக்க வேண்டும். வண்டி புரண்டாலும் அந்த வளைவு தரையில் ஊன்றிக்கொள்ள, அடியில் கிடப்பவருக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்கும். ஹோண்டா, யமஹா போன்ற பெரிய நிறுவனங்கள் இதை ஏற்காமல் அங்கே அத்தகைய வண்டிகளை விற்பதையே நிறுத்தின. அரசு தரத்தைத் தளர்த்தவில்லை.

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு பாடம் நடந்தது. 1970-இல் வந்த மூன்று சக்கர ஏடிவி ஏராளமானவர்களைக் காயப்படுத்தியபின், 1988-இல் தயாரிப்பாளர்கள் அரசுடன் செய்த உடன்பாட்டால் அதன் புதிய விற்பனை நின்றது. எங்காவது பழைய மூன்று சக்கர வண்டி விலைக்கு வந்தால் வாங்கவே கூடாது.

நம் ஊர்க் கடையில் அந்தக் கோண அட்டை தொங்கிக்கொண்டிருக்காது. வாங்குபவர்தான் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். பாதுகாப்பு வளைவு பொருத்த முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். உழவு வேலைக்கும் பாரத்துக்கும் மட்டும்தான் வண்டி என்றால், இருவர் அருகருகே உட்காரும், ஸ்டீயரிங்கும் சீட் பெல்ட்டும் இரும்புக் கூண்டும் உள்ள ‘சைடு பை சைடு’ வண்டியே பாதுகாப்பானது. பெல்ட் போட்டால்தான் அந்தக் கூண்டுக்கு அர்த்தம். காட்டுப் பாதையில் ஓட்டும் ஆசையும் இருந்தால் குவாட் பைக் பொருந்தும், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறை அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது காகிதம். ‘தோட்டத்துக்குத்தானே, பதிவு எதுக்கு?’ என்று விற்பவர் சொல்வார். ஆனால் பல தோட்டங்களுக்கு நடுவே பஞ்சாயத்து ரோடு ஓடுகிறது. பதிவில்லாத வண்டி அதைக் கடப்பதே மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது. பொது இடத்தில் ஓட்ட மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கட்டாயம். அது இல்லாமல் ரோட்டில் யார்மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அந்த மாடலுக்கு வகை ஒப்புதல் உண்டா, விற்பனைச் சான்றான படிவம் 21-ம், தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22-ம் கிடைக்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். முடியாத காரியம் இல்லை: பொலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை இந்தியாவில் டிராக்டர் பிரிவில் பதிவாகும்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மாடலுக்குக் கிடைத்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது.

பிள்ளைகள் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த ஸ்டிக்கருக்கு மேலேயே பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுக்கும் பழக்கம் பதைக்க வைக்கிறது. சிறுவர் பொது ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199ஏ-இன்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

சுற்றுலாச் சவாரிக்கு முன் ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பிரேக் பழுதான வண்டியைக் கொடுத்தோ, ஹெல்மெட் தராமலோ அனுப்பிவிட்டு அந்தத் தாளைக் காட்டித் தானாகத் தப்பிவிட முடியாது. கவனக்குறைவும் சேவைக் குறைபாடுதான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

அதே சட்டம் வாங்கியவருக்கும் கைகொடுக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகிய எதனால் தீங்கு நேர்ந்தாலும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது நம் நாட்டுச் சட்டம் எட்டாத இடத்தில் இருக்கிறார் என்றால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். இறக்குமதி உதிரிகளைப் பூட்டி விற்கும் வண்டிகளை வாங்கியவர்களுக்கு இந்தப் பிரிவு மிக முக்கியம். பிழைப்புக்காகத் தானே உழுபவரும் நுகர்வோர்தான். வாடகைத் தொழிலுக்காக வண்டி வாங்கிய ரிசார்ட் அப்படி ஆகாது. ஒன்றை மறக்கக்கூடாது: வண்டியை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் அதைக் காட்டியே பொறுப்பிலிருந்து விலகலாம். கேரியரை வெல்டிங் வைத்து நீட்டியதும், ஒற்றையாள் வண்டியில் இருவர் போனதும் இங்கே வந்து நிற்கும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால், கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மிகாதவரை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே உள்ள நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. விபத்துக்குப் பின் வண்டியை உடனே மெக்கானிக்கிடம் தள்ளிவிடாமல், கவிழ்ந்த இடத்தையும் டயரையும் சேஸிஸ் எண்ணையும் எச்சரிக்கை ஸ்டிக்கர்களையும் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடும் மருத்துவமனைச் சீட்டோடும் சேர்த்து வைக்க வேண்டும். ‘பில் வேண்டாம்னா விலை குறையும்’ என்று கடைக்காரர் சொன்னதற்கு ஒப்புக்கொண்டவரிடம், வாங்கினேன் என்று நிரூபிக்கவே ஒன்றும் இருக்காது.