நீரிணை வழியே செல்லும் புயற்பறவை

சிங்கப்பூர் நீரிணை என்றதும் கப்பல்களே நம் நினைவிற்கு வரும். தென்சீனக் கடலையும் மலாக்கா நீரிணையையும் இணைக்கும் இந்நீர்வழி, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் உடையது. இதே வழியாக ஆண்டுதோறும் கடற்பறவைகளும் பயணம் செய்கின்றன. கரையில் நிற்போர் கண்ணில் அவை அரிதாகவே படும். அவற்றைக் காண விரும்புவோர் படகேறியே செல்லவேண்டும்.

அவற்றுள் குறிப்பிடத்தக்கது ஸ்வின்ஹோ புயற்பறவை. சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ராபர்ட் ஸ்வின்ஹோ, 1867இல் இதனை அறிவுலகிற்கு அறிமுகம் செய்தார். உடல் முழுவதும் கரும்பழுப்பு நிறம், வால் பிளவுபட்டது, நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். மைனாவினும் சிறிய இப்பறவை ஜப்பான், கொரியா, சீனா, ருஷ்யா ஆகிய நாடுகளை ஒட்டிய தீவுகளில் முட்டையிடுகிறது. குஞ்சு வளர்ந்தபின் இந்துமாக்கடலுக்குப் பெயர்கிறது. இடையில் மலாயாத் தீபகற்பமும் சுமத்திராவும் மதில்போல் குறுக்கிடுகின்றன. நிலத்தின்மேற் பறக்க விரும்பாத இப்பறவைக்கு இந்நீரிணை ஒரு வாயிலாகும். செப்டம்பர் மாதமே இதனைக் காண ஏற்ற காலம்.

நடுக்கடலில் இது குடிநீருக்கு என் செய்யும்? கடல்நீரையே பருகும். கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் குருதியில் மிகும் உப்பைப் பிரித்தெடுக்க, அலகின்மீது குழாய்போல் அமைந்த மூக்கின் வழியே அது வெளியேறுகிறது.

பறவை காணச் செல்வோர் குழுவாகச் செல்வதற்குக் காரணம் உண்டு. அலைகளுக்கு இடையே தாழப் பறக்கும் இப்பறவை, சில நொடிகளே கண்ணுக்குத் தெரியும். ஒருவர் நான்கு புறமும் நோக்க இயலாது. ஆகவே ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நிற்பர். படகின் முன்முனையைக் கடிகாரத்தின் பன்னிரண்டாகக் கொள்வர். "மூன்று மணியில் பறவை" என்று ஒருவர் கூவினால், யாவரும் வலப்புறம் நோக்குவர். ஒருவர் நேரம், இனம், எண்ணிக்கை, பறக்கும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். ஒரே பறவை இருமுறை எண்ணப்படாதிருக்கத் திசைக் குறிப்பு உதவும். ஆடும் படகில் தொலைநோக்கிக் குழாய் பயன்படாது. எட்டு மடங்கு பெருக்கும் இருகண் நோக்கியே போதும். மிதக்கும் மரக்கட்டைகளையும் விடாது நோக்குவர். அவற்றின்மேல் ஆலாப் பறவைகள் அமர்ந்து இளைப்பாறுவதுண்டு.

இத்தகைய உழைப்பு வீண்போகவில்லை. பறவை ஆர்வலர் சிலர் இந்நீரிணையில் படகேறிச் சென்று கண்டவற்றை 2011இல் 'பேர்டிங்ஏசியா' என்னும் ஏட்டில் வெளியிட்டனர். அலாஸ்காவிலும் ருஷ்யாவின் கீழ்க்கோடியிலும் குஞ்சு பொரிக்கும் அலூசியன் ஆலா, குளிர்காலத்தை எங்குக் கழிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1992இல் அது ஹாங்காங் கடலில் காணப்பட்டது. பின்னர் இந்நீரிணையிலும் காணப்பட்டது. நாள்தோறும் எண்ணற்றோர் கப்பலிற் கடக்கும் இடத்திலேயே இவ்வளவு செய்தி மறைந்திருந்தது!

இக்கணக்கு வெறும் பொழுதுபோக்கன்று. புயற்பறவை ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். அதனை மண்வளையினுள் வைத்து அடைகாக்கும். ஆளில்லாத் தீவில் எலி புகுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் அதற்கு இரையாகும். இழப்பை விரைவில் ஈடுசெய்ய இவ்வினத்தால் இயலாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அபாய நிலையை நெருங்கியுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. இருளிலேயே தன் வளைக்கு வந்துபோகும் பறவையைத் தீவில் எண்ணுவது கடினம். பகலில் இக்குறுகிய வாயிலைக் கடக்கும்போது எண்ணுவது அதனினும் எளிது.

ஆயினும் ஒரு நாளைய கணக்கு எதனையும் மெய்ப்பிக்காது. காற்று மாறினால் எண்ணிக்கையும் மாறும். பல்லாண்டுகள் ஒரே பருவத்தில், ஒரே முறையில் எடுத்த கணக்கே பறவை பெருகுகிறதா, அருகுகிறதா என்பதைக் காட்டும். எனவே, நூறு பறவைகள் கண்ட நாளைக் குறிப்பதுபோலவே, ஒன்றும் காணாது திரும்பிய நாளையும் தவறாது குறித்துவைத்தல் வேண்டும். அந்த வெற்றுநாளும் அறிவிற்கு உரியதே.