கண்ணொளியும் ஐயமும்

அகவை ஐம்பதைக் கடந்தோர் கண் மருத்துவரைக் கண்டு திரும்புங்கால் இரு செய்திகளைச் சுமந்து வருவதுண்டு. ஒன்று, கண்புரை தொடங்கியுள்ளது என்பது. மற்றொன்று, கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் இருக்கலாம். சில திங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது. முதற்செய்தி பெரிதும் அச்சுறுத்துவதில்லை. இரண்டாவதிலுள்ள 'இருக்கலாம்' என்னும் ஒரு சொல்லே உறக்கத்தைக் கெடுக்கிறது. நோய் உண்டெனில் மருந்து கொள்ளலாம், இல்லையெனில் மறந்துவிடலாம். இரண்டுமற்ற இடைநிலையில் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டும் ஒன்றல்ல

விழிக்குள் ஒளியைக் குவிக்கும் வில்லை தன் தெளிவை இழந்து மங்குவதே கண்புரை. அதனை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை மீளும். இலண்டன் மாநகரில் 1949ஆம் ஆண்டு மருத்துவர் ஹரால்டு ரிட்லி முதன்முதலாக அத்தகைய வில்லையைப் பொருத்தினார். மதுரையில் 1976ஆம் ஆண்டு மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் துணை நிறுவனமாக 1992இல் தோன்றிய ஆரோலேப், வில்லைகளைக் குறைந்த விலையில் உருவாக்கி எளியோர்க்கும் எட்டச் செய்தது.

கண் நீர் அழுத்த நோயின் இயல்பு வேறு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியில் தடை நேர்ந்து அழுத்தம் உயர்வதாலோ, இயல்பான அழுத்தத்தையும் நரம்பு தாங்க மாட்டாமையாலோ, பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அவ்விழைகளுள் மடிந்தவை மீள்வதில்லை. பெரும்பாலும் வலி இராது. முதலில் தேய்வது பக்கப் பார்வையே ஆதலின், உடையவரே அதனை உணர்வதில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்கள் மூன்றில், நாற்பது அகவைக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் அரவிந்த் மருத்துவர்கள் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. இந்நோயின் பரவலான வகையினைக் கொண்டிருந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுகாறும் அதனை அறிந்திருக்கவில்லை.

நம் இல்லங்களில் நேரும் பேரிழப்பு இங்கேதான் தொடங்குகிறது. பார்வை மங்கியதும், "வயதாகிவிட்டது, புரையாகத்தான் இருக்கும், முற்றட்டும்" என்று பெரியவர்கள் காத்திருக்கின்றனர். புரைக்காகக் காத்திருந்த காலத்தில் நரம்பு பட்டுப்போகிறது. புரை முற்றினால்தான் அறுவை செய்யலாம் என்பது பழைய காலத்து வழக்கு. இன்று அதற்குத் தேவையில்லை. முற்றிய புரை வீங்கி, நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தை உயர்த்துவதும் உண்டு.

ஐயம் ஏன் நீடிக்கிறது?

பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரையுள்ள கண்ணழுத்தம் இயல்பானதாகக் கருதப்படுகிறது. எனினும் அதனை மிஞ்சியோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். அதற்குட்பட்டோர் எல்லாரும் நலமுடையோரும் அல்லர். கருவிழியின் தடிப்பு குறைந்திருப்பின் கருவி காட்டும் அளவு குறையும், மிகுந்திருப்பின் மிகும். பார்வைப் புலச் சோதனையில் முதல்முறை அமர்வோர் தடுமாறுவது இயல்பு. புரையும் உடனிருந்தால், அது சோதனை முடிவை மங்கச் செய்வதோடு, மருத்துவர் நரம்பைக் காண்பதற்கும் திரையாகிறது. ஆகவே, 'மீண்டும் பார்ப்போம்' என்பது மருத்துவரின் அறியாமையன்று. வானில் ஓரிரவு மட்டும் நிலவைக் கண்டவர் அது வளர்கிறதா தேய்கிறதா எனத் துணிதல் அரிது; அடுத்தடுத்த இரவுகளும் வேண்டும். நரம்பின் நிலையும் அத்தகையதே.

அச்சத்தைத் தணிக்கும் சான்றும் உண்டு. அழுத்தம் உயர்ந்தும் நரம்பு கெடாதிருந்த 1,636 பேரை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்தாண்டுகளில், மருந்திடாதோருள் நூற்றுக்கு 9.5 பேருக்கும், மருந்திட்டோருள் 4.4 பேருக்கும் நோய் தோன்றியது. ஐயத்துக்குரியோருள் பெரும்பாலோர் அக்காலத்தில் நோயுறவில்லை என்பதும், மருந்து அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது என்பதும் இதனால் புலனாகும்.

ஒளியியலின் தந்தையெனப் போற்றப்படும் இப்னுல் ஹைதம் 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். பார்வையைப் பற்றிப் பெருநூல் யாத்த அவ்வறிஞரே, தாலமியின் கருத்துகள் மீதான ஐயங்களைத் தொகுத்துத் தனிநூலும் எழுதினார். ஐயத்தை அஞ்சி ஒதுக்காது, ஆய்வுக்குரிய கருவியாக்கிய அம்மரபு நமக்குரியது.

செய்யத் தக்கன

மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடலாகாது. பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பேணிக் கொண்டு செல்லல் வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவையே ஆதாரம். நோய் உறுதியானால் உடன்பிறந்தாரும் மக்களும் சோதித்துக் கொள்வது கடமை; இந்நோய் குடும்பவழி வருவதுண்டு. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருந்துக்கடையில் தாமே வாங்கி இடுவது அழுத்தத்தை உயர்த்தும். கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியன திடீரெனத் தோன்றின், அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ரமலான் மாதத்தில் நோன்பு முறியுமென்று அஞ்சிச் சொட்டு மருந்தை நிறுத்துவோர் உளர். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறிவதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமியும் அவ்வாறே தீர்மானித்தது. ஒரு மாத இடைவெளி நரம்புக்குத் தீங்காகலாம் என்பதைப் பெரியோர்க்கு எடுத்துரைப்பது மாணவச் செல்வங்களின் பொறுப்பாகும்.

தவக்குல் என்பது கைகட்டி இருத்தலன்று. ஆவன செய்தபின் முடிவை இறைவனிடம் ஒப்படைத்தலாகும். சோதனைக்குரிய நாளன்று சோதனை, மருந்துக்குரிய வேளையில் மருந்து, ஏனைய நாள்களில் வழக்கமான தொழுகையும் தொழிலும் படிப்பும் என வாழ்வோர்க்கு ஐயம் சுமையாவதில்லை. வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் குன்றாத கண்ணொளியை அருள்வானாக!