பங்குச் சந்தையில் இறங்கும் முன் படிக்க, பார்க்க

ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு பார்க்கிறேன். எங்கள் கட்டிங் செக்‌ஷன் தம்பி ஒருவர் சென்ற மாதம் வந்து, "அண்ணா, பி.எப். பணம் 2 லட்சம் வந்திருக்கு. ஆப்ஷன்ஸ்ல போடப் போறேன். நல்ல புக் ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். 2021ல் அதே ஆப்ஷன்ஸில் 40 ஆயிரத்தை விட்டவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் புத்தகம் தரவில்லை. எக்ஸெல் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். ஏ1 செல்லில் 100000 என டைப் செய்திடுங்கள். ஏ2 செல்லில், ஏ1-ஐ 1.08 ஆல் பெருக்கும் பார்முலாவை அமைத்து, அதன் மூலையைப் பிடித்து ஏ61 வரை இழுத்திடுங்கள். மாதம் 8 சதவீதம் என்றால், 60 மாதங்களில் 1 லட்சம் 1 கோடியைத் தாண்டுகிறது! எந்தத் தொழிலில் இது கிடைக்கும்? 2022ல் வழக்கில் சிக்கிய, வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எப்.எஸ். நிறுவனம் இதுபோன்ற மாத வட்டியைச் சொல்லித்தான் சுமார் 6,000 கோடி ரூபாய் திரட்டியதாக போலீசார் கூறினர். இந்த ஆசை எப்படி விற்கப்படுகிறது என்று அறிய, எச்.வினோத் இயக்கிய 'சதுரங்க வேட்டை' (2014) போதும்.

அடுத்து ஆப்ஷன்ஸ். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் எப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். மீதி 7 பேர் கெட்டிக்காரர்கள் தானே என்றார் தம்பி. இதற்குத்தான் நசீம் தலேப் எழுதிய 'ஃபூல்ட் பை ராண்டம்னெஸ்' (2001). 1,024 பேர் ஆளுக்கு 10 முறை நாணயம் சுண்டினால், யாரோ ஒருவருக்கு 10 முறையும் தலை விழ வாய்ப்புண்டு. அவரிடம் போய் ரகசியம் கேட்டு என்ன பயன்?

ஸ்பெகுலேஷன் செய்பவர்கள் கொண்டாடும் புத்தகம் 'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்' (1923). ஜெஸ்ஸி லிவர்மோரின் வாழ்க்கையை ஒட்டியது. படு சுவாரசியம். ஆனால் அவர் 1934ல் திவாலானதும், 1940ல் தற்கொலை செய்துகொண்டதும் அதில் இல்லை. புத்தகம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' (1949) கொஞ்சம் கனமானது. 8ஆவது அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். ஹர்ஷத் மேத்தா ஊழலைப் புரிந்துகொள்ள 'ஸ்கேம் 1992' தொடர். 2008 அமெரிக்க வீட்டுக்கடன் சரிவுக்கு 'தி பிக் ஷார்ட்' (2015). அங்கே வீடு ஏலம் போனால் இங்கே ஏன் ஷூ ஆர்டர் குறைகிறது என்று யோசித்தவர்களுக்கு இந்தப் படம் பிடிக்கும்.

தம்பி 'ஸ்கேம் 1992' முழுவதையும் பார்த்துவிட்டார். நேற்று அந்த எக்ஸெல் பைலைத் தன் மச்சானுக்கும் அனுப்பச் சொன்னார். 2 லட்சம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.