ஜவ்வரிசி என்ற பெயர் வந்த வழி

ஜவ்வரிசிக்கும் நெல்லுக்கும் உறவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மளிகைக் கடைகளில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வாங்கப்படும் இந்த வெள்ளை மணிகள், மரவள்ளிக் கிழங்கின் மாவை உருட்டி, வறுத்து, காயவைத்துச் செய்யப்படுபவை. அடுப்படியில் ஜவ்வரிசி எனப்படும் பொருளுக்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகளில் ‘சேகோ’ என்று பெயர். வட இந்தியாவில் அது ‘சாபுதானா’. மூன்று பெயர்களுக்கும் வேர் ஒரே மலாய்ச் சொல். அந்தச் சொல் முதலில் குறித்தது மரவள்ளியை அல்ல, ஒரு பனையின் மாவை.

மலாய் மொழியில் அந்தப் பனையின் மாவுக்கு ‘சாகு’ என்று பெயர். நியூ கினி, மலுக்குத் தீவுகள் போன்ற இடங்களின் சதுப்பு நிலங்களில் இந்தப் பனை வளர்கிறது. அது பூப்பதற்கு முன் வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி நீரில் பிசைந்து அலசுவார்கள். மாவு அடியில் தங்கும். பல தீவுகளில் பசியாற்றியது இந்த மாவுதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவுக்கு வந்த மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவு எடுக்கும் வழக்கத்தைத் தம் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் கிராம்பும் சாதிக்காயும் தேடி ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கடலுக்கு வந்தபோது, சரக்கோடு சொல்லும் ஏறிக்கொண்டது. போர்த்துக்கீசியத்தில் அது ‘சகு’, பிரெஞ்சில் ‘சகூ’, ஆங்கிலத்தில் ‘சேகோ’ ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இந்த மாவை மணிகளாக உருட்டி உலகுக்கு அனுப்பும் பெரிய சந்தையாகச் சிங்கப்பூர் விளங்கியது.

ஆசிய மொழிகள் இந்தச் சொல்லைக் கையாண்ட விதம் ஒன்றல்ல. தாய்லாந்து மொழியும் சிங்களமும் ஒலியை மட்டும் எடுத்து ‘சாக்கூ’ என்றும் ‘சவ்’ என்றும் வைத்துக்கொண்டன. வேறு சில மொழிகள் அயல் ஒலியோடு தமக்குப் பழக்கமான ஒரு சொல்லை ஒட்டின. இந்தி ‘தானா’ என்ற சொல்லைச் சேர்த்தது. அதற்கு மணி என்று பொருள். தெலுங்கில் ‘சக்குபிய்யம்’, கன்னடத்தில் ‘சப்பக்கி’, தமிழில் ‘சவ்வரிசி’ என்பவற்றில் பின்பாதி அரிசி. சீனமும் இதையே செய்தது: ‘சி கு மி’ என்பதில் ‘மி’ அரிசிதான். அரிசி உண்ணும் மக்களுக்கு, வெண்மையாக, மணியாக, வெந்தால் குழையும் உணவு எதுவும் அரிசியின் இனமாகவே தோன்றியிருக்கிறது. ‘சவ்வரிசி’ பேச்சில் ‘ஜவ்வரிசி’ ஆனது. ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால் இப்பெயர் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அண்டை மொழிகளின் வடிவங்களோடு சேர்த்துப் பார்த்தால் ‘சாகு’ என்ற வேரே நன்றாகப் பொருந்துகிறது.

மரவள்ளியின் கதை தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. மரவள்ளி மாவைக் குறிக்கும் ‘டாப்பியோகா’ என்ற சொல் பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து வந்தது. அதன் முற்பகுதியான ‘திபி’ வண்டலையும் கசடையும் குறிக்கும். பிற்பகுதிக்குப் பிழிந்தெடுத்தல் என்று பொருள். சேலத்து ஆலைகளில் மாவெடுத்த பின் எஞ்சும் சக்கைக்கும் ‘திப்பி’ என்றே பெயர்; அது மாட்டுத் தீவனமாகிறது. தமிழில் திப்பி என்பது பழைய சொல். இரண்டும் ஒத்திருப்பது தற்செயல். ஒலி ஒத்தால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. அவை சந்தித்த வழியும் தெரிய வேண்டும்.

போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் மரவள்ளியைக் கேரளக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். தமிழர் இந்தச் செடிக்கு அயல் பெயரைக் கடன் வாங்கவில்லை. தெரிந்த வள்ளிக்கிழங்கின் பெயரோடு மரத்தைச் சேர்த்து ‘மரவள்ளி’ என்றனர். சேலம் பக்கம் ‘குச்சிக்கிழங்கு’ என்பர். குமரி மாவட்டத்தில் ‘மரச்சீனி’.

இந்த இரு கதைகளும் சேலத்தில் இணைந்தன. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்த சவ்வரிசி நின்றது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஜி. ஷாவும் மரவள்ளி மாவில் மணி உருட்டத் தொடங்கினர். பனஞ்சோற்றைப் போலவே கிழங்கையும் அரைத்து, அலசி, வடித்து, மாவைத் தங்கவைக்க முடியும் என்பதால் செய்முறை பெரிதும் மாறவில்லை. உருண்டையும் நிறமும் சமைக்கும் விதமும் முன்போலவே இருந்ததால் வாங்கியவர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். பனை விலகிய இடத்தில் கிழங்கு அமர்ந்தது, பெயர் நிலைத்தது.

பின்னர் சட்டமும் இதை ஏற்றது. இந்திய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் சேகோ என்பதற்குத் தந்த விளக்கத்தில், சாகு பனையின் மாவு, மரவள்ளிக் கிழங்கு இரண்டில் எதிலிருந்து செய்த மணிகளும் அடங்கின. இதே மாற்றம் மரவள்ளி பிறந்த நாட்டிலும் நடந்திருக்கிறது. தென் பிரேசிலில் மரவள்ளி மணிகளைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துச் செய்யும் இனிப்புக்கு ‘சகு’ என்ற மலாய்ப் பெயரே வழங்குகிறது.

ஆக, ஓர் உணவுச் சொல் பற்றிக்கொள்வது பொருளின் மூலத்தை அல்ல, அதன் வடிவத்தையும் பயனையும்தான். பெயரில் உள்ள ‘அரிசி’யும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தவில்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் தானியம் விலக்குபவர்கள் சாபுதானா கிச்சடி உண்கிறார்கள். அந்தச் சாபுதானாவில் பெரும்பங்கு சேலம் வட்டாரத்து ஆலைகளிலிருந்து வருவது. 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அந்த விற்பனைக்கு வழி அமைத்தது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ‘சேலம் சேகோ’, ‘ஜவ்வரிசி’ என்ற இரு பெயர்களும் சேர்ந்தே பதிவாயின.